பன்னிரண்டு நாள் குழந்தை, ஏபி வகை பபூன் இதயம்: பேபி ஃபே நிகழ்வும் குரங்கினங்களின் ரத்த வகையும்

1984 அக்டோபர் 26 அன்று, கலிஃபோர்னியாவில் உள்ள லோமா லிண்டா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், பிறந்து 12 நாளே ஆன ஒரு பெண் குழந்தைக்கு பபூன் குரங்கின் இதயத்தைப் பொருத்தினார்கள். உலகம் அந்தக் குழந்தையை ‘பேபி ஃபே’ என்று அறிந்தது. குழந்தையின் ரத்த வகை ஓ. இதயம் கொடுத்த பபூனின் வகை ஏபி. ரத்த வங்கியில் சில வாரம் வேலை பார்த்தவருக்குக்கூட இந்த இரண்டு வகைகளையும் ஒரே தாளில் அடுத்தடுத்துப் பார்த்தால் திக்கென்றிருக்கும். ஏ, பி என்பவை செல்களின் மேலுள்ள சர்க்கரை அடையாளங்கள் (ஆன்டிஜன்கள்). ஓ வகைக்காரரின் ரத்தத்தில் அவை இரண்டையும் தாக்கும் புரதங்கள், அதாவது ஆன்டிபாடிகள், இருக்கும். ஏபி வகையின் செல்கள் ஏ, பி இரண்டையும் ஏந்தி நிற்கும். ஏபிஓ முறைக்குள் இதைவிட மோசமான ஜோடி கிடையாது.

அறுவை சிகிச்சை செய்த லியோனார்ட் பெய்லிக்கு இது தெரியாததல்ல. வகைகளைப் பரிசோதித்து, தெரிந்தேதான் அந்த முடிவை எடுத்தார்கள். விவரம் தெரிந்த ஒரு குழு ஏன் அப்படிச் செய்தது, அதன் விளைவு என்ன, இன்று நமக்குத் தெரிந்ததை வைத்து அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

நோயும் நேர நெருக்கடியும்

குழந்தை குறைமாதத்தில், அக்டோபர் 14 அன்று பிறந்தது. இதயத்தின் இடது பக்கம் வளரவில்லை. உடல் முழுக்க ரத்தத்தைத் தள்ள வேண்டிய இடது கீழறை பெயரளவுக்குத்தான் இருந்தது. இப்படிப் பிறக்கும் குழந்தைகள் முதல் சில நாள் உயிரோடிருப்பதற்குக் காரணம், கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைத்த ஒரு சிறு குழாய். பிறந்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். மூடினால் கதை முடிந்தது.

அன்று இருந்த வழிகள் குறைவு. வில்லியம் நார்வுட் உருவாக்கிய, கட்டம் கட்டமாகச் செய்யும் அறுவை சிகிச்சை அப்போதுதான் தொடங்கியிருந்தது. இறப்பு அதிகம். பச்சிளங்குழந்தைக்கு இன்னொரு பச்சிளங்குழந்தையின் இதயத்தைத் தேடித் தரும் ஏற்பாடு அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட இல்லை. மனித இதயத்தை ஏன் தேடவில்லை, பெற்றோரிடம் வாங்கிய ஒப்புதலில் எல்லாவற்றையும் சொன்னார்களா என்று பிறகு கடுமையான விவாதம் நடந்தது. அந்த விமர்சனங்களில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே எடுத்துக்கொள்வது ரத்த வகையை மட்டும்.

பெய்லி பல ஆண்டுகளாக ஆட்டுக்குட்டிகளிலும் வெள்ளாடுகளிலும் இதய மாற்று ஆராய்ச்சி செய்துவந்தவர். பச்சிளம் உயிரின் எதிர்ப்பு மண்டலம் முதிர்ச்சியடையாதது, அதனால் வேற்று உறுப்பை எளிதில் ஏற்றுக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. சிம்பன்சி நமக்கு இன்னும் நெருக்கமான உறவு என்றாலும் அது அருகிவரும் இனம். பபூன்கள் ஆய்வுக்கூடங்களில் பெருகியிருந்தன, குட்டியின் இதய அளவும் பொருந்தியது.

சில பபூன்களைத் தேர்ந்தெடுத்து, நோய் எதிர்ப்பியல் வல்லுநர் சாண்ட்ரா நெல்சன்-கேனரெல்லா பொருத்தம் பார்த்தார். குழந்தையின் வெள்ளணுக்களையும் பபூனின் வெள்ளணுக்களையும் ஒன்றாக வளரவிட்டு, எது எதைப் பார்த்து எவ்வளவு சீறுகிறது என்று அளக்கும் சோதனை அது. அதில் மிகக் குறைவாகச் சீறியது ஏபி வகை பபூனுக்கு. ஓ வகை பபூனைத் தேடலாமே என்றால், அங்கேதான் குரங்கினத்தின் இயற்கை குறுக்கே நின்றது. பபூன்களில் ஏ உண்டு, பி உண்டு, ஏபி உண்டு. ஓ மிக மிக அரிது. மனிதர்களில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் ஓ வகை, பபூன் கூட்டத்தில் கிடைக்காது.

20 நாட்கள்

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. புது இதயம் ஒழுங்காகத் துடித்தது. நிராகரிப்பைத் தடுக்க, சந்தைக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்த சைக்ளோஸ்போரின் கொடுத்தார்கள். குழந்தை பால் குடித்தது, கொட்டாவி விட்டது. அந்தப் படங்களை உலகமே பார்த்தது. இரண்டாவது வாரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. இதயம் தளர்ந்தது. சிறுநீரகங்கள் செயலிழக்க, வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. நவம்பர் 15 அன்று, அறுவை சிகிச்சைக்கு 20 நாள் கழித்து, குழந்தை இறந்தது.

பிரேதப் பரிசோதனையில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. மாற்று இதயம் தோற்கும்போது வழக்கமாகக் காண்பது, டி செல்கள் (அந்நியத்தைத் தாக்கும் ஒரு வகை வெள்ளணுக்கள்) கூட்டமாக நுழைந்து தசையைத் தின்றிருக்கும் காட்சி. இங்கே அது மிகக் குறைவு. இதயத் தசை செல்கள் தனித்தனியாக மடிந்திருந்தன. சேதம் ஆன்டிபாடிகளின் வழியில் வந்திருக்க வேண்டும் என்றே தடயங்கள் காட்டின. இது புரிந்துகொள்ளக் கூடியதுதான். சைக்ளோஸ்போரின் அடக்குவது டி செல்களை. ரத்தத்தில் ஏற்கெனவே மிதக்கும் ஆன்டிபாடியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

மறு ஆண்டு பெய்லியே ஏபிஓ பொருத்தமின்மையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். குழந்தை ஏபி வகையாக இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்பது அவர் கருத்து. அந்த விளக்கம் முழுமையானதா? அதைச் சொல்வதற்கு முன் பபூனின் ஏபி என்பது என்ன, அது உடலில் எங்கே இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

பபூனின் ஏபி எங்கே இருக்கிறது

நம் ஊர் ரத்த வங்கியில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றின் மேல் நீல நிற ஆன்டி-ஏ, அடுத்ததில் மஞ்சள் நிற ஆன்டி-பி, மூன்றாவதில் நிறமற்ற ஆன்டி-டி. குச்சியால் கலக்கி, ஸ்லைடை மெதுவாக ஆட்டினால், சில நொடிகளில் சிவப்பு நீர் மணல் மணலாகத் திரியும், அல்லது வழுவழுப்பாகவே இருக்கும். திரிந்தால் அந்த ஆன்டிஜன் உண்டு. இவ்வளவுதான்.

இதே சோதனையை ஏபி வகை பபூனின் ரத்தத்தில் செய்தால் நம்பக்கூடிய பதில் வராது. பபூன், ரீசஸ் போன்ற பழைய உலக (ஆப்பிரிக்க, ஆசிய) குரங்குகளின் சிவப்பணுக்களில் ஏ, பி ஆன்டிஜன்கள் இல்லை, அல்லது இல்லை என்று சொல்லும் அளவுக்கே இருக்கின்றன. அதோடு இன்னொரு தொல்லை: மனித சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில்) குரங்குச் செல்களுக்கு எதிரான வேறு ஆன்டிபாடிகள் இயல்பாகவே உண்டு. அவற்றை முன்கூட்டியே உறிஞ்சி நீக்காவிட்டால், எந்த வகையாக இருந்தாலும் ரத்தம் திரிந்து, ஏமாற்றும்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? இரண்டு வழி. ஒன்று, சீரத்தைப் பார்ப்பது. ரத்த வங்கிக்காரர்கள் ரிவர்ஸ் குரூப்பிங் என்பார்களே, அதுதான். பபூனின் சீரம் மனித ஏ செல்களைத் திரிக்கிறதா, பி செல்களைத் திரிக்கிறதா என்று பார்த்தால், எதற்கு ஆன்டிபாடி இல்லையோ அதுவே அதன் வகை. இன்னொன்று எச்சில். பபூனின் எச்சிலை எடுத்துக் கொதிக்கவைத்து, அதிலுள்ள நொதிகளை முடக்கிவிட்டு, ஆன்டி-ஏ சீரத்தோடு கலக்கிச் சற்று நேரம் விடுவார்கள். அப்புறம் அதில் மனித ஏ செல்களைப் போடுவார்கள். செல்கள் திரியாமல் வழுவழுப்பாக நின்றால், எச்சிலில் இருந்த ஏ பொருள் ஆன்டிபாடியை முன்பே தின்றுவிட்டது என்று அர்த்தம். ஒன்றும் நடக்காததுதான் இங்கே ‘உண்டு’ என்ற விடை. முதல்முறை செய்கிறவர்கள் இதில் குழம்புவது வழக்கம்.

சிவப்பணுவில் இல்லாத ஏ, பி பொருள்கள் பபூனின் எச்சிலில் உண்டு, குடலின் உட்பரப்பில் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தக் குழாய்களின் உட்சுவரில் உண்டு. இதய மாற்றில் மனித ரத்தம் முதலில் தொடும் இடம் அந்த உட்சுவர்தான். ஏபி வகை பபூனின் ஒரு பாட்டில் ரத்தமும் ஏபி வகை பபூனின் இதயமும் ஓ வகை மனிதருக்கு ஒரே ஆபத்து அல்ல. ஏபிஓ கண்ணால் பார்த்தால் ரத்தத்தைவிட இதயம்தான் பெரிய ஆபத்து. மனிதர்களில் வகை சிவப்பணுவிலும் தெரியும், குழாய்ச் சுவரிலும் இருக்கும். அதனால் இந்த இரண்டையும் பிரித்து யோசிக்கும் பழக்கமே நமக்கு வரவில்லை.

மனிதர்களிலும் இப்படிப் பிரிந்திருக்கும் ஒரு நிலை உண்டு. அதைப் புரிந்துகொள்ள, இந்தியாவில் விவரித்த ஒரு ரத்த வகையிலிருந்து தொடங்க வேண்டும். 1952இல் மும்பையில் ஒய். எம். பெண்டேயும் அவர் குழுவினரும் விவரித்த பாம்பே ரத்த வகையில், ஏ, பி இரண்டும் ஏறி உட்காரும் அடித்தளமான எச் ஆன்டிஜனே இருக்காது. அதன் உறவான பாரா-பாம்பே வகையில், சிவப்பணுவில் எச் இல்லாமல் அல்லது மிகக் குறைவாக இருக்க, எச்சிலில் மட்டும் ஏ, பி பொருள்கள் தெரிவதுண்டு. சிவப்பணுவுக்கு எச் செய்துதரும் மரபணு எஃப்யூடி1, எச்சிலுக்கும் குடலுக்கும் செய்துதருவது எஃப்யூடி2. முதலாவது பழுதாகி இரண்டாவது வேலை செய்தால் பாரா-பாம்பே. பபூனின் சிவப்பணுவும் வெளிப்பார்வைக்கு ஏறத்தாழ இந்த நிலைதான், ஆனால் அங்கே அது பழுதல்ல, அந்த இனத்தின் இயல்பு.

மனிதர்களிலும் மனிதக் குரங்குகளிலும் எஃப்யூடி1 மரபணுவுக்குள் ஆலு எனப்படும், தன்னைப் பிரதியெடுத்துப் பரவும் ஒரு சிறு டிஎன்ஏ துணுக்கு செருகிக்கொண்டிருக்கிறது. சிவப்பணுவில் ஏபிஓ தோன்றுவதோடு அது சேர்ந்தே வருகிறது என்று 2000இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பரிணாமக் கணக்கில், ஏபிஓ குடலிலும் எச்சிலிலும் பல காலம் வாழ்ந்துவிட்டு, சிவப்பணுவுக்குப் பிந்தித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த உண்மை இதுதான். நுண்ணுயிரிகள் வந்து ஒட்டும் இடம் குடலும் எச்சிலும். இந்தச் சர்க்கரைகளின் வேலையும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

மற்ற உறவினர்கள்

மனிதரையும் குரங்குகளையும் ஒப்பிடும் வேலையை 1925லேயே கார்ல் லாண்ட்ஸ்டைனரும் பிலிப் மில்லரும் விரிவாகச் செய்தார்கள். அவர்களும் பின்னால் வந்தவர்களும் சேர்த்த சித்திரம் விசித்திரமானது. சிம்பன்சிகளில் பெரும்பான்மை ஏ, கொஞ்சம் ஓ, பி கிடையாது. கொரில்லாக்களில் பி. ஒராங்குட்டான்களிலும் கிப்பன்களிலும் ஏ, பி, ஏபி மூன்றும் உண்டு. மனிதருக்கு மிக நெருக்கமான சிம்பன்சியில் பி இல்லாமல், தூரத்து உறவான கிப்பனில் இருப்பதைப் பார்க்கும்போது, வகைகள் இனம் பிரிந்த பிறகு தனித்தனியாக உருவானவையோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. அப்படி வாதிட்டவர்களும் உண்டு.

ஏ, பி இரண்டையும் பிரிப்பது சின்ன வித்தியாசம். ஏ நொதி எச் மீது என்-அசிடைல் கேலக்டோசமைனை ஒட்டும், பி நொதி கேலக்டோஸை ஒட்டும். மனிதரில் இரண்டு நொதிகளுக்கும் நான்கு அமினோ அமிலம் வித்தியாசம், அதிலும் 266, 268 என்ற இரண்டு இடங்களே முக்கியமானவை. குரங்கினங்களிலும் அதே இடங்களில் அதே மாற்றங்கள். 2012இல் லோர் செகுரெலும் சக ஆய்வாளர்களும் பல குரங்கினங்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டு, ஏ–பி வேறுபாடு மனிதருக்கும் கிப்பனுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்தே, குறைந்தது 2 கோடி ஆண்டுகளாக, இறங்கி வந்திருக்கிறது என்று சொன்னார்கள். சிம்பன்சி பியை வழியில் தொலைத்தது, கொரில்லா ஏயைத் தொலைத்தது. ஆக, ஏ வகை மனிதரின் ஏபிஓ மரபணுத் துண்டு, பக்கத்து வீட்டு பி வகைக்காரரின் துண்டைவிட ஏ வகை கிப்பனின் துண்டுக்கு நெருக்கமாக இருக்கக்கூடும்.

ஓ மட்டும் இந்தக் கதையில் சேராது. அது பழுதான நொதி. மனிதரில் பரவலாக உள்ள ஓ, மரபணுவின் 261ஆவது இடத்தில் ஒரு டிஎன்ஏ எழுத்து விழுந்துபோனதால் வந்தது. சிம்பன்சியின் ஓ வேறு பழுதுகளால் வந்தது. பழுது எங்கே வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்.

ரத்த வகையோடு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சேரும் ஆர்எச் பற்றி ஒரு வார்த்தை. ரீசஸ் குரங்கின் பெயர் நம் ரத்த அட்டையில் வந்ததற்கு, 1940இல் லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் செய்த சோதனை காரணம். ரீசஸ் ரத்தத்தை முயலுக்கு ஏற்றி எடுத்த சீரம், நியூயார்க்கின் வெள்ளையர்களில் சுமார் 85 சதவீதம் பேரின் ரத்தத்தைத் திரித்தது. அந்த முயல் சீரம் பிடித்தது நாம் இன்று டி என்று சொல்லும் ஆன்டிஜனை அல்ல, அதோடு ஒட்டி வரும் வேறொன்றை என்பது பிறகு தெளிவானது. அதற்கு அந்த இருவர் பெயரின் முதலெழுத்துகளால் எல்டபிள்யூ என்று பெயர் வைத்தார்கள். குரங்கிலும் மனிதரிலும் ஒரே சீரம் வேலை செய்தால் பிடிபடுவதும் ஒரே பொருள்தான் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

பழைய முயற்சிகள்

1963–64இல் நியூ ஆர்லியன்ஸில் கீத் ரீம்ட்ஸ்மா 13 பேருக்கு சிம்பன்சி சிறுநீரகங்களைப் பொருத்தினார். அதில் ஓர் இளம் ஆசிரியை ஒன்பது மாதம் வாழ்ந்தார். அன்றைய மருந்துகளை நினைத்தால் இது வியப்பு. சிம்பன்சியின் வகை ஏ அல்லது ஓ, அது சிவப்பணுவிலேயே தெரியும். வழக்கமான சோதனையே போதும், ஓ வகை விலங்கும் கிடைக்கும். அதே சமயத்தில் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் ஆறு பேருக்கு பபூன் சிறுநீரகம் வைத்துப் பார்த்தார். அவை மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. இந்த வித்தியாசம் முழுவதையும் ஏபிஓவின் கணக்கில் எழுத முடியாது. பபூன் நமக்குத் தூரத்து உறவு என்பதே பெரிய காரணம்.

மறுபடி அந்தக் குழந்தைக்கு வருவோம்

ஏபிஓ ஆன்டிபாடிகளோடு யாரும் பிறப்பதில்லை. குடலில் குடியேறும் பாக்டீரியாக்களின் மேலுள்ள ஒத்த சர்க்கரைகளைப் பார்த்துப் பார்த்து, மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள்தான் குழந்தைகள் அவற்றைச் செய்யத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் இருப்பவை தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வந்தவை. பெய்லி குழு ஏபி இதயத்தைத் துணிந்து எடுத்ததில் இந்த நம்பிக்கைக்கும் பங்கு உண்டு. அது முட்டாள்தனமான நம்பிக்கை அல்ல.

அதற்குச் சான்று டொரண்டோவிலிருந்து வந்தது. 1996 முதல் 2000 வரை லோரி வெஸ்ட்டின் குழு, ஏபிஓ பொருந்தாத மனித இதயங்களை 10 குழந்தைகளுக்கு வேண்டுமென்றே வைத்தது. அறுவை சிகிச்சையின்போது பிளாஸ்மாவை மாற்றி, இருக்கிற ஆன்டிபாடியைக் கழுவிவிட்டு, பிறகு அதன் அளவைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். 10 பேரில் எட்டுப் பேர் பிழைத்தார்கள். அப்படி இதயம் பெற்ற குழந்தைகள் வளர்ந்த பிறகும், கொடையாளியின் வகைக்கு எதிரான ஆன்டிபாடியைப் பெரும்பாலும் செய்யவே இல்லை. இன்று உலகின் பல மையங்களில் இது நடைமுறை.

இதை வைத்துப் பார்த்தால், ஏபிஓ ஒன்றே பேபி ஃபேயைக் கொன்றது என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஏபி வகைக் குழந்தையாக இருந்திருந்தால் ஓர் ஆபத்து குறைந்திருக்கும், அவ்வளவுதான். பபூன் இதயத்தில் ஏ, பி தவிர மனித உடல் அந்நியமாகப் பார்க்கும் வேறு பொருள்களும் இருந்தன. அவற்றில் முக்கியமான ஒன்றை அன்று கணக்கில் எடுக்க வழியே இல்லை. மனிதர்கள் பரிணாமத்தில் இழந்துவிட்ட, சிம்பன்சி, பபூன் உட்பட மற்ற பாலூட்டிகள் பலவற்றில் இருக்கும் ஒரு சியாலிக் அமிலம் (செல்களின் மேலுள்ள ஒரு வகைச் சர்க்கரை) அது. நியூ5ஜிசி என்பார்கள். நம்மால் அதைச் செய்ய முடியாது என்பதற்கான மரபணுக் காரணம் தெரிந்ததே 1998இல்தான். அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் நம்மிடம் உண்டு.

பபூனைத் தேர்ந்ததில் ஒரு சரியான அம்சமும் இருந்தது. பன்றியிலும் அமெரிக்கக் கண்டக் குரங்குகளிலும் இருக்கும் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை, மனிதருக்கும் பபூனுக்கும் இல்லை. அதைச் செய்யும் நொதி ஏபிஓ நொதிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி ஏராளம். மாற்றமில்லாத பன்றி இதயத்தை வைத்தால் நிமிடங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில் கருத்துப்போகும். பேபி ஃபேயின் இதயம் இரண்டு வாரம் ஒழுங்காகத் துடித்ததற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு

1985 நவம்பரில் அதே லோமா லிண்டாவில் பெய்லி, ‘பேபி மோசஸ்’ என்று அழைக்கப்பட்ட பச்சிளங்குழந்தைக்கு மனித இதயம் பொருத்தினார். அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனானான். குரங்கு இதயத்தை அவர் மறுபடி குழந்தைகளுக்கு வைக்கவில்லை.

2022 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 57 வயது நோயாளிக்கு வைத்தது, பத்து மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் இதயம். ஆல்ஃபா-கேல், நியூ5ஜிசி, இன்னொரு சர்க்கரை என மூன்றையும் நீக்கியிருந்தார்கள். பன்றிகளில் ஏ, ஓ இரண்டு வகைதான் உண்டு. கொடைக்கென வளர்ப்பவற்றை ஓ வகையாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். பபூனில் கிடைக்காத ஓவை, பன்றியில் எளிதாகத் தேர்ந்துகொள்ள முடிகிறது.

ஆனால் மனிதருக்கு வைப்பதற்கு முன் பன்றி உறுப்புகளைச் சோதிப்பது பெரும்பாலும் பபூன்களில். அங்கே இப்போது புதுச் சிக்கல். பபூனுக்கு நியூ5ஜிசி இயல்பானது. பன்றியிடமிருந்து அதை நீக்கும்போது, அதன் இடத்தில் வெளிப்படும் வேறொரு அமைப்பைப் பபூனின் ஆன்டிபாடிகள் தாக்குகின்றன. மனித சீரம் அதைக் கண்டுகொள்வதில்லை. இதனால் மனிதருக்கு மிகப் பொருத்தமான பன்றி, பபூனில் வைத்தால் மோசமான முடிவு காட்டுகிறது. சில ஆய்வுக்கூடங்கள் பபூன் சோதனைக்கென்றே நியூ5ஜிசியை நீக்காத பன்றிகளைத் தனியாகப் பயன்படுத்துகின்றன. அந்த முடிவுகளை மனித நோயாளிக்கு எந்த அளவு பொருத்திப் பார்ப்பது என்பதுதான் இந்தத் துறையில் இன்று நடக்கும் வாதம்.